அந்த இரண்டு மணித்தியாலம்

ஒக்டோபர் 29, செவ்வாய்
வால்வு மாற்றத்தான் வேண்டுமாம். டொக்டர் படம் கீறிக் காட்டினார். இதயத்தை நிறுத்துவார்கள், மூச்சையும் நிறுத்துவார்கள். இரண்டு மணித்தியாலம் ஒரு மெஷின் எனக்காக வேலை செய்யும். காட்டிய இடமெல்லாம் கையெழுத்து வைத்தேன். ட்ராமில் இவர், "இரவைக்குப் புட்டோ பாணோ?" என்று கேட்கிறார். என்ன மனுசனோ!
அந்த இரண்டு மணித்தியாலமும் நான் எங்கே இருப்பேன்? 

நவம்பர் 1, வெள்ளி
விடுமுறைக்கு மகள் லவினியா வந்தாள். பல்கலைக்கழகத்தில் இறையியல் படிக்கிறவள்தானே என்று அவளிடம் அதைக் கேட்டேன்.
"பழைய கிரேக்கரிலை கனபேர், ஆத்துமா உடம்புக்குள்ளை குடியிருக்கிற வேறை ஒண்டு, செத்தா வெளிக்கிட்டுப் போயிடும் எண்டு நம்பிச்சினம். எபிரேயர் அப்பிடிப் பிரிக்கேல்லை அம்மா. கடவுள் மண்ணிலை மூச்சை ஊதினார், மனுசன் உயிருள்ள ஆத்துமா ஆனான். மூச்சுப் போனா ஆளும் இல்லை."
சொல்லிவிட்டு ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தாள். எனக்கு இரண்டுமே உதவவில்லை. கிரேக்கர் சொன்னது சரியென்றால், வெளியே போனதற்குத் திரும்பி வர வழி தெரியுமா? ஜேர்மனியில் இந்தக் கெல்சென்கிர்ச்சனில் முப்பது வருடம் இருந்தும் பஸ் மாறினால் எனக்கே வழி தெரியாது. எபிரேயர் சரியென்றால் — மூச்சில்லை, நானில்லை. பிறகு எழும்புவது யார்?

நவம்பர் 3, ஞாயிறு
தமிழ்ப் பூசையில் சுவாமியார் மரித்த ஆத்துமாக்களின் பெயர்களை வாசித்தார். என் மாமா, என் அம்மா, பிறகு என் பெயர் — "யோசப்பின் இன்னாசித்தம்பி." கோயில் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.
சுகத்துக்கு வேண்டுவோர் பெயர் எழுதிய துண்டை வெள்ளைப் பெட்டியில் போட வேண்டும்; ஊதாப் பெட்டி மரித்த ஆத்துமாக்களுக்கு. இவர் என் துண்டை ஊதாப் பெட்டியில் போட்டிருக்கிறார்.
"கண்ணாடி கொண்டரேல்லையப்பா, பெட்டியிலை எழுதினது தெரியேல்லை..." என்கிறார்.
ஐயோ, கடவுளே! உயிரோடு இருக்கும்போதே வாசிச்சுப்போட்டினமே!

நவம்பர் 4
சுவாமியார் போனில் மன்னிப்புக் கேட்டார். இவருடன் நான் கதைக்கவில்லை.

நவம்பர் 11, திங்கள்
ஒப்பரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லவினியா ஓடி வந்தாள்.
"எபிரேயருக்கு ஆத்துமா எண்டா பேய் இல்லையம்மா. பசிக்கிற, தண்ணி விடாய்க்கிற முழு ஆள்."
"அப்ப கொப்பர் என்னை ஆத்துமாப் பெட்டியிலை சரியாத்தான் போட்டவரோ?"
இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்குப் பயமாக் கிடக்கடி," என்றேன். "எனக்கும்தான் அம்மா. ஆனா செய்யாட்டி இன்னும் பயம்," என்றாள். சரி, போகிறேன்.

நவம்பர் 18
நாளை காலை ஏழு மணிக்கு ஒப்பரேஷன். பயம். வேறு எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 24, ஞாயிறு
எழுத்து கோணல்மாணலாக வருகிறது. வரட்டும்.
வெளிச்சமும் இல்லை, கனவும் இல்லை. அந்த இரண்டு மணித்தியாலம் எனக்கு இல்லவே இல்லை. விழித்ததும் முதலில் வந்தது தண்ணீர் விடாய்தான். குரல் வரவில்லை, உதட்டைக் காட்டினேன். இவர் ஈரத்துணியால் துடைத்துவிட்டார்.
இன்றுதான் கேட்டேன், அந்த நேரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று.
"கீழை கோப்பி ஒண்டு வாங்கினனான், குடிக்கேலாமப் போச்சு. வெளியிலை வந்தன், எங்கை போறதெண்டு தெரியேல்லை. அந்த ரெண்டு மணித்தியாலமும் நானும் ஒரு இடத்திலையும் இல்லையப்பா."

டிசம்பர் 1, ஞாயிறு
இவர் பூசைக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலருகே இருந்து வெள்ளைப் பெட்டிக்குத் துண்டு எழுதினார். கண்ணாடி போட்டிருந்தார். என் பெயருக்குக் கீழே அவருடைய பெயரையும் எழுதச் சொன்னேன்.