செடிக்கு ஒரு குடை

பாப்பா அம்மாவுக்கு,

நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகமா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் வேலை பார்க்கும் தோட்டத்தில் ஹோஸ்டா என்று ஒரு நிழல்செடி, முன்பே எழுதினேனே, அதேதான். வெயில் பட்டால் அகன்ற இலை கருகிவிடும். முதலாளியம்மா அதற்குப் பெரிய குடை நட்டு, மணிக்கொருதரம் வந்து, "வாடிடுச்சா, பாவம்?" என்கிறார். பக்கத்தில் மண்வெட்டியோடு நிற்கும் என்னை ஒருநாளும் கேட்டதில்லை.

நேற்று லேசாகத் தலை சுற்றியது, பயப்படாதே. வயிற்றெரிச்சலில் குடையை என் பக்கம் சாய்த்துக்கொண்டேன். அரைமணியில் இரண்டு இலை தீய்ந்துவிட்டது.

"யாரு குடையை நகர்த்தினது?"

"காத்துங்கம்மா."

இலைகூட அசையாத நாள் அது.

தலையில் கட்ட ஒரு பருத்தித் துண்டு அனுப்பு. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம், முடிக்கிறேன். உன் போன கடிதத்திலும் முதல் வரி, "அந்தச் செடி எப்படி இருக்கு?" அடுத்ததிலாவது என்னை முதலில் விசாரி. செடிக்குப் படிக்கத் தெரியாது.

உன் வீட்டுக்காரன்