தனிமைக்கு இரண்டு வார்த்தை

மாமல்லபுரம்
8.10.1995

சௌபாக்கியவதி சாவித்ரிக்கு ஆசீர்வாதம்.

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். அப்பாவின் முழங்கால் வலியும் சௌக்கியமாகவே இருக்கிறது. உன் உடம்பைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதுவதில்லை.

போன தடவை நான் எழுதிய இங்கிலீஷ் பக்கத்தைத் திருத்தி அனுப்பியிருந்தாயே, வந்து சேர்ந்தது. பதினொரு இடத்தில் சிவப்பு மை. மழையில் நனைந்து மை உறைக்கு வெளியே ஊறிவிட்டது. தபால்காரர் செங்கல்வராயன் கடைத்தெருவில் வைத்தே, "இன்னா சாமி, டீச்சரம்மா இன்னும் பாஸ் மார்க் போடலியா?" என்று கேட்டார். சிரித்துவைத்தேன்.

கோபித்துக்கொண்டு போன மனைவியிடமே தபாலில் டியூஷன் படிக்கிறவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்ன செய்வது? ஏழு வருஷமாக லைசென்ஸ் இல்லாமலே கைடு வேலை பார்த்தாகிவிட்டது. நவம்பர் இருபதாம் தேதி இன்டர்வியூ. அதில் தவறினால் கோயில் வாசலில் சங்கு, பாசிமணி விற்க வேண்டியதுதான்.

இந்த வாரத்துச் சந்தேகம்: ஹோப், எக்ஸ்பெக்ட். இரண்டுக்கும் அகராதியில் 'எதிர்பார்' என்றுதான் போட்டிருக்கிறது. பிறகு எதற்கு இரண்டு வார்த்தை?

ஆராவமுதன்


செங்கல்பட்டு
15.10.1995

நமஸ்காரம்.

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இருந்தால் எழுதியிருப்பேன். எழுதி என்ன, இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது, முப்பது கிலோமீட்டர் தாண்டி யார் வந்து பார்த்தீர்கள்?

பாடத்துக்கு வருகிறேன். நாளைக்கு நடக்கும் என்பதற்குக் காரணம் கையில் இருந்தால் எக்ஸ்பெக்ட். காரணம் ஒன்றும் இல்லாமல் மனசு மட்டும் ஆசைப்பட்டால் ஹோப். உங்கள் அகராதி சின்னது. வேறு வாங்குங்கள்.

ஒரு செய்தி. மாலத்தீவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் டீச்சர் கேட்டிருந்தார்கள். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் ஞானம்பாள்தான் வற்புறுத்தி மனுப் போட வைத்தார்கள். கிடைத்துவிட்டது. இரண்டு வருஷ ஒப்பந்தம், ஜனவரியில் சேர வேண்டும். கல்யாணமானவள் என்பதால் கணவரிடமிருந்து 'நோ அப்ஜெக்‌ஷன்' கடிதம், இங்கிலீஷில், கையெழுத்தோடு வேண்டுமாம். நவம்பர் முப்பதுக்குள் ஏஜென்சியில் கொடுத்தாக வேண்டும்.

உங்கள் அபிப்பிராயத்தை எழுதவும். இங்கிலீஷில் வேண்டாம், தமிழிலேயே எழுதுங்கள்.

சாவித்ரி


மாமல்லபுரம்
22.10.1995

சௌ. சாவித்ரிக்கு ஆசீர்வாதம்.

நாளை தீபாவளி. அப்பா உன் பேரில் ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறார். மாம்பழ நிறம். யாரிடம் கொடுத்தனுப்புவது என்று தெரியவில்லை.

மழை விட்ட பாடில்லை. தலசயனப் பெருமாள் சந்நிதிக்கு அப்பா தினமும் நனைந்துகொண்டுதான் போகிறார். 'குடை பிடித்தால் என்ன?' என்று கேட்டால், 'பெருமாள் பார்க்கட்டும்' என்கிறார். எனக்குக் கை கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. பயணிகள் இல்லாத நேரத்திலும் ஐந்து ரதத்துக்கும் கடற்கரைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். கூட கைடு வேலை பார்க்கும் சாலமோன், "அண்ணாத்த, நீ உக்காந்தா ஏதாச்சும் ஒடிஞ்சி பூடுமா?" என்று கேலி பண்ணுகிறான்.

இந்த வாரம் கேட்பது சந்தேகம் இல்லை. வெகுநாளாகக் கேட்க நினைத்தது. அன்றைக்கு இருபது வெள்ளைக்காரர்கள் முன்னால் கடற்கரைக் கோயிலை நான் 'லோன்லி டெம்பிள்' என்றேன். நீ கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, 'அலோன் என்று சொல்லுங்கள், லோன்லி தப்பு' என்றாய். அவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது மடல் எரிந்தது. வீட்டுக்கு வந்து நாலு நாள் உன்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் நீ பெட்டியைக் கட்டினாய். நானும் தடுக்கவில்லை.

அந்த இரண்டு வார்த்தைக்கும் என்னதான் வித்தியாசம், சொல்லேன்.

ஆராவமுதன்


செங்கல்பட்டு
6.11.1995

நமஸ்காரம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்கு வந்திருந்தேன். உங்களுக்குத் தெரியாது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் கடற்கரைக் கோயிலில் நின்றது. அதன் வாலில் நானும் ஒரு டீச்சர் மாதிரி நின்றுகொண்டேன். நீங்கள் முன்னால் ஐந்தாறு ஜெர்மன்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இளைத்துப்போயிருக்கிறீர்கள். சட்டைக் காலர் நைந்திருக்கிறது. ஏழு கோயிலில் ஆறைக் கடல் கொண்டுபோனது என்று சொல்லிவிட்டு, "லோன்லி டெம்பிள்" என்றீர்கள், மறுபடியும் அதே வார்த்தை. ஒரு வயதான அம்மாள் தலையை ஆட்டிவிட்டு வெகுநேரம் கோயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

அலோன் என்றால் கூட ஆள் இல்லை, அவ்வளவுதான். லோன்லி அப்படி இல்லை. எங்கள் ஸ்டாஃப் ரூமில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறோம், அங்கேயும் லோன்லியாக இருக்கலாம். மனுஷருக்குத்தான் அது வரும், கல்லுக்கு ஏது என்று அன்றைக்கு எனக்கு மேதாவித்தனம். ஆனால் ஆளரவம் இல்லாத இடத்தையும் லோன்லி என்று சொல்லலாம். நீங்கள் சொன்னது சரி. நான் திருத்தியதுதான் தப்பு. பெட்டியோடு திருக்கழுக்குன்றம் தாண்டும்போதே, பஸ்ஸில், அது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அப்போதே இறங்கித் திரும்பியிருக்கலாம். டீச்சர் புத்தி விடவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டேன். நீங்களோ நான் கேட்டதற்கு ஒரு வார்த்தை பதில் எழுதவில்லை. மாலத்தீவு என்று ஒரு ஊர் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. புடவையை யாரிடம் கொடுத்தனுப்ப என்று ஒரு கேள்வி வேறு. உங்களுக்குக் கால் இல்லையா?

எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. பரீட்சைப் பேப்பரைப் பாதி திருத்திவிட்டு எழுந்துவிடுகிறேன். தபால் வரும் நேரத்துக்கு வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறேன். போகட்டுமா, வேண்டாமா? உங்கள் மனசில் இருப்பதைச் சொல்லுங்கள்.

சாவித்ரி


மாமல்லபுரம்
24.11.1995

சௌ. சாவித்ரிக்கு ஆசீர்வாதம்.

இன்டர்வியூவில் தேறிவிட்டேன். உன் புண்ணியம்.

நீ கேட்ட கடிதம் டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். 'என் மனைவி சாவித்ரி வெளிநாட்டில் ஆசிரியையாகப் பணியாற்றுவதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை' என்று இங்கிலீஷில் இருக்கிறது. சரியாக இருக்கிறதா பார்த்துக்கொள்.

ஆராவமுதன்


செங்கல்பட்டு
27.11.1995

நமஸ்காரம்.

லைசென்ஸ் கிடைத்ததில் சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம்.

கடிதத்தைப் பார்த்தேன். நாலு தடவை பார்த்தேன். கமா கூடத் தப்பில்லை. ஒரே ஒரு தப்பாவது விட்டிருக்கக் கூடாதா? சரியில்லை என்று திருப்பி அனுப்ப எனக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கும். நீங்கள் இன்னொன்று எழுதுவதற்குள் முப்பதாம் தேதி போயிருக்கும்.

ஆறு வாரம் காத்திருந்ததற்கு இதுதான் பதிலா? மின்சார வாரியத்துக்கு மனு எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். கோபமாவது படக் கூடாதா? இரண்டு வருஷம் உங்கள் கண்ணில் படாமல் இருந்தவள் இன்னும் இரண்டு வருஷம் இருந்தால் என்ன என்று நினைத்துவிட்டீர்கள் போல. வியாழக்கிழமை இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். அதற்குள் ஏதாவது சொல்ல இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இனிமேல் இங்கிலீஷ் பக்கமும் அனுப்ப வேண்டாம்.

சாவித்ரி


மாமல்லபுரம்
29.11.1995

சாவித்ரி,

சாலமோன் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு மாமியாரைப் பார்க்க வருகிறான். தபாலில் போட்டால் நாளைக்கு வந்து சேராது என்று அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அந்தக் கடிதத்தை ஒன்பது தடவை எழுதினேன். முதல் தாளில் இங்கிலீஷில் 'டு ஹூம் இட் மே கன்சர்ன்' என்று ஆரம்பித்து, கீழே தமிழில் 'சாவித்ரி, போகாதே' என்று எழுதிவைத்திருந்தேன். டைப் அடிக்கக் கூட வந்த சாலமோன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்த இது? இத்த ஆபீசுல குட்த்தா அவுங்க இன்னா பண்ணுவாங்க? வூட்ல குடு, அங்கதான் இதுக்கு வேல கீது" என்றான். நான் கேட்கவில்லை. உனக்கு என்னால் எதுவும் தடைப்படக் கூடாது என்று வீறாப்பாக மற்றதை எழுதினேன்.

எனக்கு வலிக்கிறது, சாவித்ரி. நீ போவது எனக்குப் பிடிக்கவில்லை. நீ இங்கிருந்து போனதும் பிடிக்கவில்லை. இரண்டையும் வாயைத் திறந்து சொல்ல எனக்கு வரவில்லை. ஊரில் யார் வந்தாலும் நாள் முழுக்கப் பேசுகிறேன். வீட்டில்தான் வாய் கட்டிப்போகிறது. அன்றைக்கு நீ திருத்தியது கூடப் பெரிதில்லை. நாலு நாள் நான் ஊமையாக இருந்தேனே, அதுதான் உன்னைத் துரத்தியது. பிறகு உன்னைக் கூப்பிட ஒரு நாளும் வரவில்லை. இரண்டு தடவை பஸ் ஏறித் திருக்கழுக்குன்றத்தில் இறங்கித் திரும்பிவிட்டேன். இப்படிப்பட்டவன் கடல் தாண்டிப் போகாதே என்று எந்த முகத்தோடு சொல்வது?

உன் படிப்புக்கு ஏற்ற வேலை. அதனால் அந்தக் கையெழுத்து நிஜம்தான், கொடுத்துவிடு. ஆனால் நான் சந்தோஷமாக அனுப்பிவைத்தேன் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறாதே.

ஆராவமுதன்


செங்கல்பட்டு
9.12.1995

என் அன்புக்குரியவருக்கு நமஸ்காரம்.

சாலமோன் உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்தபோது எட்டாம் வகுப்பில் இருந்தேன். பிள்ளைகளைச் சத்தம் போடாமல் எழுதச் சொல்லிவிட்டு அங்கேயே படித்தேன். பிறகு ஸ்டாஃப் ரூமுக்குப் போய் நன்றாக அழுதேன். ஞானம்பாள் டீச்சர், "யாராவது தவறிட்டாங்களா?" என்று பயந்துபோய்க் கேட்டார்கள். "இல்ல டீச்சர், எங்காத்துக்காரர் பேசிட்டார்" என்றேன்.

மறுநாள் காலையில் ஏஜென்சிக்குப் போய் உங்கள் காகிதத்தைக் கொடுத்துவிட்டேன். கொடுக்காமல் இருந்துவிடுவேன் என்று நீங்கள் நினைத்திருந்தால் மன்னிக்கவும். இந்த வேலை எனக்கு வேண்டும். பன்னிரண்டு வருஷமாக ஒரே கட்டிடத்தில் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்து எனக்கு அலுத்துவிட்டது. வேறு இடம், வேறு பிள்ளைகள், வேறு கடல் பார்க்க வேண்டும் என்று ஆசை. உங்கள் மேல் உள்ள கோபத்தில்தான் மனுப் போட்டேன். இப்போது கோபம் இல்லை, ஆனாலும் போக ஆசையாக இருக்கிறது. போகிறேன்.

பள்ளியில் இன்றோடு என்னை விடுவித்துவிட்டார்கள். ஜனவரி இரண்டாம் தேதி ரயில், நாலாம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து விமானம். வீட்டுச் சாமான்களை ஒழித்துக் கட்டப் புதன்கிழமை வரை ஆகும். அதற்குப் பிறகு முழுதாக இருபது நாள் இருக்கிறது.

அந்த இருபது நாளும் எனக்கு உங்களோடு வேண்டும். வரட்டுமா என்று கேட்கவில்லை, வருகிறேன். அப்பாவிடம் சொல்லுங்கள், மார்கழிக் காலைகளில் பெருமாளுக்குத் தளிகை சமைக்க நான் இருக்கிறேன் என்று. இரண்டு வருஷம் கழித்து நாம் எப்படி இருப்போம் என்று எனக்கும் தெரியாது. அதைப் பேசலாம், வேறு எதை வேண்டுமானாலும் பேசலாம், சண்டை போட்டாலும் பரவாயில்லை. வாயை மூடிக்கொண்டு மட்டும் உட்காராதீர்கள்.

புதன்கிழமை காலை எட்டு மணிப் பஸ். ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள், பெட்டி கனம்.

உங்கள்
சாவித்ரி