சாவியைக் கழற்றிய கை

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

அடுத்த வாரம் பயிற்சியாளர் இல்லாமல் தனியாகப் பறக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

போர்விமானப் பயிற்சிக்குப் போனால் உங்கள் துணிச்சல் இன்னும் தலைக்கேறும் என்று பயந்தவள் நான். கல்யாணமான புதிதில் கொட்டும் மழையில் ஒற்றைக் கையால் பைக் ஓட்டியவர்தானே நீங்கள்.

போன விடுமுறையில் குட்டியை நடுவில் உட்காரவைத்து அம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். தூறல் விழுந்ததும் வாசலிலேயே வண்டியை நிறுத்திச் சாவியைக் கழற்றினீர்கள். எங்களைக் கூட்டிப்போக வந்திருந்த என் தம்பி விடுவானா?

"என்ன மாமா, விமானம் ஓட்டுறவருக்கு இந்தத் தூறலுக்கே பயமா?"

"இன்னைக்கு வேண்டாம்னு சொல்லத்தான்டா அங்க முதல்ல கத்துக்கொடுத்தாங்க," என்று சிரித்துக்கொண்டே குட்டியின் ஷூவைக் கழற்றினீர்கள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

ஆனால் அங்கே கூட இருப்பவர்கள் எல்லாம் உங்கள் வயதுக்காரர்கள். அவர்கள் முன்னால் வேண்டாம் என்று சொல்வது லேசில்லை. கிளம்பும் முன் காது அடைத்தாலோ, மனதுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டாலோ, அன்றைக்குப் போலவே இறங்கிவிடுங்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

குட்டி இப்போதும் ஷூவோடுதான் தூங்குகிறாள். நான் தொட்டால் காலை இழுத்துக்கொள்கிறாள். அப்பாதான் கழட்டணுமாம்.

உங்கள் வரவுக்காக,
குட்டியின் அம்மா