சுவரில் ஒட்டிய கண்ணாடி

ஜூன் 9

அன்புள்ள ஊசிக்கு,

வாலு எழுதுவது. நலமா என்று கேட்க மாட்டேன். ஹாஸ்டலில் யார் நலமாக இருந்திருக்கிறார்கள்?

நம் தெரு முனை மேம்பாலம் பாதி தரைக்கு வந்துவிட்டது. இனி அதைக் கீழ்ப்பாலம் என்றுதான் சொல்ல வேண்டும். ஐம்பது வயதுப் பாலத்தை உடைத்துப் புதிதாகக் கட்ட இரண்டு வருடமாம். தினமும் இடிதான், மழையைத்தான் காணோம். கணக்கு டீச்சரின் வாய் மட்டும் அசைகிறது, ஒன்றும் கேட்பதில்லை. இந்த வருடம்தான் அவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் கடை ஷட்டரில் 'சுவர் நகர்கிறது, உள்ளே வராதீர்கள்' நோட்டீஸ் அப்படியே இருக்கிறது. எங்கள் வீடு எதிரிலேயே இருந்தும் நான் அந்தப் பக்கம் போவதில்லை. சும்மாதான்.

மாமா எப்படி இருக்கிறார்?

உன் வாலு

ஜூன் 18

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு வார்டன் சிரித்தாராம். அவர் சிரித்து இங்கே யாரும் பார்த்ததில்லை. இங்கே போன் கூடாது என்பதால் நீ எழுதிக்கொண்டே இரு.

அப்பா பெரியப்பா ஊரில், யாரோ ஒருவரின் தையல் கடையில் காஜா எடுக்கிறார். சொந்தக் கடையில் கத்தரி பிடித்த கை. கேட்டால், "உக்காந்து செய்யற வேலைதானே" என்கிறார்.

கடையும் பின்கட்டு வீடும் ஒரே நாளில் போனதை நினைத்தால் அழுகை வருகிறதுதான். ஆனால் பாலம் வேலை பார்க்கும் இன்ஜினியர், நம் ஹெல்மெட் அக்கா, எங்கள் சுவர் விரிசலின் குறுக்கே ஒட்டிய கண்ணாடித் துண்டு ஞாபகம் இருக்கிறதா? "பாலம் உடைக்கிற அதிர்வுல சுவர் நகர்ந்தா இது உடையும்" என்றாரே. அது உடைந்ததால்தான் தப்பித்தோம். "அந்தத் துண்டுதான் நம்மளக் காப்பாத்துச்சு" என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

உன் ஊசி

ஜூன் 26

ஊசி,

அந்தக் கண்ணாடியை உடைத்தது நான். ஸ்க்ரூடிரைவரால். ஹெல்மெட் அக்கா தலைதெறிக்க ஓடி வருவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஓடி வந்தார். சிரித்தேன். மறுநாள் காலையில் உங்கள் தையல் மெஷின் வண்டியில் ஏறியது. அதன் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கியதும் நான்தான்.

சுவர் ஒரு நூல்கூட நகரவில்லை. நகர்ந்தது நீங்கள்தான்.

நேற்று அக்காவிடம் போய்ச் சொன்னேன். திட்டவில்லை. "அத நம்பித்தானே கடையக் காலி பண்ணச் சொல்லி நான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். பிறகு புதுக் கண்ணாடி ஒட்டினார். பக்கத்துத் தூணை உடைப்பதையும் தாங்கி, மூன்று மாதம் அது உடையாமல் இருந்தால் நீங்கள் திரும்பலாம். தினமும் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை.

மாமாவிடம் நானே நேரில் வந்து சொல்லட்டுமா? திட்டியாவது எழுது.

வாலு

ஆகஸ்ட் 20

ஊசி,

ஐம்பத்தாறு நாள். தூண் போய்விட்டது. கண்ணாடி உடையவில்லை. முழுசாக இருக்கும் கண்ணாடியைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீயும் வாயைத் திறக்கவில்லை.

வாலு

அக்டோபர் 3

வாலுவுக்கு,

கடையைத் திறக்கலாம் என்று தாள் வந்துவிட்டது. அப்பா பதினைந்தாம் தேதி வருகிறார்.

காலாண்டு லீவில் போனபோது உன் கடிதத்தை அவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "அவ சொல்லாம இருந்திருந்தா யாருக்குத் தெரியும்" என்றார். அப்புறம் காஜா எடுக்கக் குனிந்துகொண்டார். நீ போனால் உட்காரச் சொல்வார். போ.

நான் வரவில்லை. படிப்பு முடியும்வரை இங்கேயே இருப்பதாக வார்டனிடம் சொல்லிவிட்டேன். உன்மேல் கோபம் இல்லை என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். உன் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். கீழ்ப்பாலத்துக்கு இப்போதும் சிரிப்பு வந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

பாலம் கட்டி முடிக்கும்வரை கண்ணாடியைத் தினமும் பார். அது உடைந்தால் மட்டும் எனக்கு எழுது.

நீயாக உடைக்காதே.

ஊசி