கபாலத்து மீன்

என் செண்பகத்துக்கு,

நீ கண்மூடிய பிறகு வரும் இரண்டாவது மாண்ட்ரியல் குளிர்காலம் இது. உமா ஆறாவது படிக்கிறாள். எனக்குச் சாம்பார் இன்னும் கைவரவில்லை. மீன் குழம்பு மட்டும் வாயில் வைக்கும்படி வருகிறது. இந்த வம்பே அதனால் வந்ததுதான்.

நம் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டுக்கு எதிரே கிரேக்கக்காரர் ஒருவரின் மீன்கடை உண்டே. குளிர் தொடங்கும் முன் ஒரு சனிக்கிழமை உமாவோடு அங்கே போனேன். நம் ஊர் மடவை மாதிரியே ஒரு மீன் ஐஸ்மேல் கிடந்தது. பேர் கேட்டேன். "கெஃபலோஸ்" என்றார். பிறகு தன் தலையைத் தட்டிக்காட்டி, "கெஃபாலி, கெஃபாலி" என்றார். தலை பெருத்த மீனாம். முப்பாட்டன் காலத்துக்கும் முந்திய பேராம்.

உமா என் கோட்டை இழுத்தாள். "அப்பா, அந்தப் பேர் எங்கேர்ந்துப்பா வந்துச்சு?"

தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். எஸ்.எஸ்.எல்.சி.யை முக்கி முனகித் தாண்டியவன்தானே நான்? ஆனால் மயிலாப்பூர்க்காரன் ஆயிற்றே!

"கெஃபாலி, கபாலி! கபாலம்னா மண்டை. சுத்தத் தமிழ்ம்மா. நம்மகிட்டேர்ந்துதான் தூக்கிட்டுப் போயிருக்கான்" என்றேன். அவள் கண் விரிந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

போன மாதம் நம்மவர்களின் பொங்கல் விழா. டாக்டர், இன்ஜினீயர், புரொபசர் என்று பெரிய கூட்டம். பிள்ளைகள் ஆளுக்கொரு தமிழ்ச் சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். உமா மேடையேறி, "கபாலம்" என்று ஆரம்பித்தாள். மயிலாப்பூர்க் கபாலியிடமிருந்துதான் கிரேக்க மீனுக்குப் பேர் போனது என்று, நான் அளந்ததை அப்படியே ஒப்பித்தாள்.

அவள் முடித்ததும் மொழி ஆராய்ச்சி செய்யும் புரொபசர் ஒருவர் எழுந்தார். "தலைய வெச்சு மீனுக்குப் பேர் வந்ததும்மா, அது சரி. ஆனா கபாலமே சமஸ்கிருதம். கிரேக்கச் சொல்லுக்கு வேர் வேற. கேக்க ஒரே மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

அதோடு விட்டிருக்கலாம். பின்வரிசை டாக்டர் ஒருவர், "அப்போ மயிலாப்பூர்லேர்ந்து கருவாடு கப்பல்ல போகலையா?" என்றார். கூடமே சிரித்தது.

"யாரும்மா இதைச் சொல்லிக் குடுத்தது?" என்றார் புரொபசர்.

உமா என்னைப் பார்த்தாள். "நானாத்தான் யோசிச்சேன், அங்கிள்."

செண்பகம், நான் அப்போது சிரித்துக்கொண்டிருந்தேன். எல்லாரோடும் சேர்ந்து.

பஸ்ஸில் திரும்பும்போது, ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். "நீங்க ஏம்ப்பா சிரிச்சீங்க?"

வழக்கம்போல ஏதாவது வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தேன். ஸ்டாப் வந்ததும் அவள் எனக்கு முன்னால் இறங்கி நடந்தாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்பதில்லை. "ஸ்கூல் லைப்ரரில பாத்துக்கறேம்ப்பா" என்கிறாள், அவ்வளவு மரியாதையாக. அப்பனைக் காப்பாற்றிவிட்டு, அவனுக்கு வலிக்காமல் ஒதுங்குகிறது குழந்தை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் அன்றே என் தொடையைக் கிள்ளி எழுப்பியிருப்பாய், இல்லையா?

இந்த ஞாயிறு அதே கூடத்தில் மறுபடி கூடுகிறோம். கொஞ்சம் பேச வேண்டும் என்று கேட்டு வைத்திருக்கிறேன். உமாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்தக் கபாலம் என் சரக்கு, என் மகளுடையது அல்ல என்று எழுந்து நின்று சொல்வேன். வேடிக்கையாக ஒரு வார்த்தை சேர்க்கமாட்டேன். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். இந்த முறை நான் சிரிக்கமாட்டேன். இது உனக்குத் தரும் வாக்கு.

உன் வீட்டுக்காரன்,
உமாவின் அப்பா