மூடி உப்பிய டப்பா

என் கோபக்காரிக்கு,

இதை நானே எழுதுகிறேன், நம்பு. நீ உன் அக்கா வீட்டுக்குப் போன பிறகு என் இமைகள் தாமாகவே இறுக மூடிக்கொண்டன. இரண்டு மாதம் சுவரைத் தடவித்தான் நடந்தேன்.

இமையில் ஊசி போடுமுன் கண் டாக்டர் சொன்னார். "கெட்டுப்போன டப்பா மீன்ல ஒரு கிருமி விஷம் கக்கும். மூச்சையே நிறுத்திடும். அதையே துளியிலும் துளியா போட்டா, இறுகின தசை தளர்ந்துடும். பயமா இருக்கா?"

எனக்கு உன் நினைப்புதான் வந்தது. நம் மீன் டப்பா ஆலையில், கெட்டதன் அடையாளமாக மூடி உப்பிய ஒரே ஒரு டப்பாவுக்காக நீ அன்றைய சரக்கு முழுவதையும் நிறுத்தினாய். மேலாளர் என்ற மிடுக்கில் நான் உன்னை எல்லோர் முன்னாலும் பயந்தாங்கொள்ளி என்றேன். அதற்கான மன்னிப்பை இங்கே எழுதப்போவதில்லை.

ஊசி போட்ட ஐந்தாம் நாள் இமை திறந்தது. ஆளையே சாய்க்கும் விஷம், அளவு தெரிந்தவர் கையில் எவ்வளவு சாதுவாக வேலை செய்கிறது! ஜன்னல், நாற்காலி, நீ விட்டுப்போன குடை, எல்லாவற்றையும் ஆசை தீரப் பார்த்தேன்.

நேற்று ஆலைக்குப் போனேன். ஒரு டப்பாவின் மூடி லேசாக உப்பியிருந்தது. சரக்கு முழுவதையும் நிறுத்தச் சொன்னேன்.

"என்ன சார், பயந்துட்டீங்களா?" என்று தொழிலாளர்கள் சிரித்தார்கள்.

"ஆமா. வீட்டம்மா சொன்னப்பவே பயந்திருக்கணும்" என்றேன், எல்லோர் முன்னாலும்.

உன்
பயந்தாங்கொள்ளி