பூட்டுக்கு ஒரு தகடு

நவம்பர் 9, 2024
தெருக்கூட்டத்தில் முடிவாகிவிட்டது. போன டிசம்பர் வெள்ளத்துக்கு ஒரு வருடம் ஆகும் நாளில், தெருமுனையில் ஒரு நினைவுச் சின்னம். நான் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுப்பதால் நான்தான் செய்ய வேண்டுமாம். வெள்ளத்தில் மிஞ்சிய சாமான் வீட்டுக்கு ஒன்று. அதன் அடியில், என்ன பொருள், யாருடையது என்று ஒரு தகடு. "போனவங்களுக்கும் பிழைச்சவங்களுக்கும் சேர்த்துச் செய்யுங்க டீச்சர்" என்றார்கள். மறுக்க என்னிடம் ஒரு காரணம் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

நவம்பர் 17
சாமான்கள் குவிகின்றன. தையல் மிஷின் சக்கரம், வளைந்த சைக்கிள் ரிம், நசுங்கிய குடம், அரைக் கட்டில். வெல்டர் சுடலைமணி, "என்ன டீச்சர், காயலான் கடை போடுதியளா?" என்று கேட்டுக்கொண்டே இரும்புச் சட்டம் பற்றவைக்கிறார். ஆறரை அடி. அன்று இங்கே தண்ணீர் நின்ற உயரம். பழஞ்சேலைகளைச் சிமெண்டுக் கரைசலில் முக்கிச் சட்டத்தில் சுற்றினேன். காய்ந்து விறைத்து நிற்கின்றன. வேலை நன்றாக வருகிறது. அதுதான் வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 24
பாத்து அக்கா வந்தாள். என் வீட்டின் பின்பகுதியில் பதினோரு வருடமாகக் குடியிருப்பவள். மொட்டைமாடிக் கம்பிக் கதவின் பூட்டைக் கையில் வைத்தாள். வெள்ளத்தன்று படகில் வந்து அவளை மீட்டவர்கள் அறுத்த பூட்டு.

"இதையும் வையுங்க டீச்சர். ஆணியில தொங்குன சாவிய இருட்டுல நாந்தான் தட்டிவிட்டுட்டேன். தண்ணிக்குள்ள எவ்வளவோ தேடுனேன், ஆப்புடல. கெடச்சிருந்தா அவுகளும் நானும் மாடிக்குப் போயிருப்போம்."

அவள் கணவர் நூர்முகம்மது. அவளைப் பரணில் ஏற்றிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். விடியும்போது அவர் இல்லை.

"உங்க மேல தப்பில்ல அக்கா" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது!

நவம்பர் 25
சாவி ஆணியில் இல்லவே இல்லை. என் கைப்பையில் இருந்தது.

வெள்ளத்துக்கு முந்தின வாரம் அவள் மாடியில் கருவாடு காயப்போட்டு, என் துணியெல்லாம் நெடி. அந்த எரிச்சல். கிறிஸ்மஸ் பாட்டு ஆராதனைக்காகப் பாளையங்கோட்டையில் என் சொந்த அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது, இனி எப்படிக் காயப்போடுவாள் பார்ப்போம் என்று மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனேன். மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டேன். அவள் இங்கே வெறும் ஆணியைத் தடவியிருக்கிறாள். கெசியா டீச்சர், உனக்கெல்லாம் ஒரு கிறிஸ்மஸ் பாட்டு!

டிசம்பர் 3
"பூட்டுக்கு என்ன எழுத டீச்சர்?" சுடலைமணி கேட்டார். நாளை சொல்கிறேன் என்றேன்.

டிசம்பர் 8
இன்னும் சொல்லவில்லை. இன்று சபையில் பாவ அறிக்கை சொன்னோம். எல்லாரோடும் சேர்ந்து சொல்வது எவ்வளவு லேசு.

டிசம்பர் 11
சொல்லிவிட்டேன், பாத்து அக்காவிடம். மீன் அரிந்துகொண்டிருந்தாள். எப்படித் தொடங்கினேனோ தெரியவில்லை. அவள் கை நின்றுவிட்டது.

"ஒரு வருசமா எங் கையத்தான் ஏசிக்கிட்டு கெடக்கேன். நீங்க பாத்துக்கிட்டேதான டீச்சர் இருந்திய?"

ஆமா. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். தெனமும். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு — நானெல்லாம் என்ன மனுசி?

டிசம்பர் 14
பாத்து அக்காவின் மருமகள் முஃபீதா களக்காட்டிலிருந்து வந்து அவளைக் கூட்டிப்போனாள். வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். ஆட்டோ கிளம்பும்வரை வாசலில் நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

டிசம்பர் 18
நினைவுச் சின்னத்தைத் திறந்தாயிற்று. பூட்டின் பக்கத்தில் சாவியையும் பற்றவைக்கச் சொன்னேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தகடு: "சாவி. கெசியாவின் கைப்பையில் இருந்தது." சுடலைமணி எழுத்துகளை அடித்துக் கொடுத்தார். தெருவே நின்று படித்தது. சிலர் என்னிடம் பேசாமல் போனார்கள்.

டிசம்பர் 29
முஃபீதா போன் பண்ணினாள்.

"மாமி இங்கன வந்ததுலேருந்து நல்லா ஒறங்குதாக டீச்சர். முன்ன மாதிரி ராத்திரி எந்திச்சுத் தரையத் தடவுததில்ல."

அக்காவிடம் பேசலாமா என்று கேட்டேன்.

"ஒங்க பேரெடுத்தா மட்டும் எந்திச்சுப் போயிருதாக."

பேச வேண்டாம். உறங்கட்டும்.